தண்ணி போன ஊருக்குச் சீனி வந்த கதை

மிஸியம்மாவைக் கேளுங்கோ

(வன்னிக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: பத்தாம் வகுப்பில் ஒரு பத்திரிகைச் செய்தியை வாசித்தோம். அவுஸ்திரேலியாவில் பழங்குடி ஆண்கள் மற்ற ஆண்களைவிட எட்டு, ஒன்பது வருடம் முந்தியே செத்துப் போகிறார்களாம். ஒரு பெடியன் எழும்பி, "அது அவையின்ரை இரத்தத்திலை உள்ள குறைதானே சேர்?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை.
– ஓர் ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: செய்தி சரிதான் சேர். 2020–2022 கணக்கின்படி அங்கே பழங்குடி ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு 71.9 வருடம். மற்ற ஆண்களைவிட 8.8 வருடம் குறைவு. பெண்களிலும் 8.1 வருட இடைவெளி இருக்கிறது.

பெடியனை ஏச வேண்டாம். பெரிய ஆராய்ச்சியாளர்களே கனகாலம் அதே கேள்வியோடு இரத்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள். அவனுக்குப் பீமா மக்களின் கதையைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில், அரிசோனாவின் கீலா ஆற்றங்கரையில் இருக்கிற சனம் அவர்கள். சுற்றிவரப் பாலைவனம். ஆனாலும் பரம்பரை பரம்பரையாக வாய்க்கால் வெட்டி, ஆற்றைத் திருப்பி, சோளமும் அவரையும் பூசணியும் பருத்தியும் விளைவித்தார்கள். 1850, 60களில் அந்தப் பாதையால் போன வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் கோதுமை விற்றதும் இவர்கள்தான். பிறகு ஆற்றின் மேற்பக்கம் குடியேறியவர்கள் தண்ணீரை மறித்துத் தங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். நூற்றாண்டு முடிகிற நேரம் கீழ்ப்பக்க வயல்கள் காய்ந்து பஞ்சம் வந்தது. பஞ்சத்துக்கு அரசாங்கம் கொடுத்தது வெள்ளைக் கோதுமை மா, பன்றிக் கொழுப்பு, சீனி. மண்வெட்டி பிடித்த கைக்கு வேலையும் இல்லை. சில தலைமுறைக்குள் உலகத்திலேயே சீனி வருத்தம் (நீரிழிவு) மிகக் கூடிய சனங்களில் ஒன்றாக ஆகிவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் 1965 முதல் அங்கேயே இருந்து படித்தார்கள்.

பெடியனுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிக்கோ மலையில், இதே பீமாக்களின் இரத்த உறவுகள் இருக்கிறார்கள். தோட்டம் செய்கிறார்கள், மலையேறி இறங்குகிறார்கள். இரண்டு பகுதியையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2006இல் வந்தது. மலையில் சீனி வருத்தம் நூற்றுக்கு 6.9 பேருக்கு. அரிசோனாவில் 38 பேருக்கு. இரத்தத்தில் ஒரு நாட்டம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதே இரத்தம் மலையில் ஏன் சும்மா கிடக்கிறது என்று அவனையே கேளுங்கள்.

ஆற்றில் அவர்களுக்குள்ள பங்கு 2004இல்தான் சட்டமாகித் திரும்பிக் கிடைத்தது. ஒரு நூற்றாண்டு தாண்டி!

எங்கட பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதையாகப் படக்கூடாது. இரணைமடுவில் தண்ணீர் காணாமல் ஒரு சிறுபோகம் போனால், முரசுமோட்டைப் பக்கக் கடைக் கொப்பிகளில் கடனாக எது கூடும் என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். கோதுமை மா, சீனி, பிஸ்கற். மரக்கறி அந்தக் கொப்பியில் இராது.

கேள்வி: என் மகள் கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே தாதியாக வேலைக்குப் போயிருக்கிறாள். அங்கே பழங்குடி ஊர்களில் பைப் தண்ணியைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேணுமாம். கனடாவிலையுமா? பிள்ளை புளுகுகிறாளா?
– ஒரு தாய், வவுனிக்குளம்

பதில்: புளுகவில்லை தங்கச்சி. அந்தப் பக்கம் நெஸ்கன்ராகா என்றோர் ஊர் இருக்கிறது. 1995இல் அங்கே "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று அறிவித்தார்கள். கால் நூற்றாண்டு தாண்டியும் அது எடுபடவில்லை. பைப்பைத் திறந்து நம்பி ஒரு மிடறு குடித்தறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்து பிள்ளையும் பெற்றுவிட்டது. இப்படியான நீண்டகால அறிவித்தல்களை எல்லாம் 2021 மார்ச்சுக்குள் நீக்குவோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. நூற்றுக்கு மேல் நீக்கினார்கள், ஆனாலும் தவணை தவறிவிட்டது.

மாகாணத்தின் குடிநீர்ச் சட்டம் அந்த ஊர்களின் எல்லையோடு நின்றுவிடும், உள்ளே மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிக் கொடுப்பார்கள். அதை ஓட்டுகிற ஆளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் காசு காணாது. பாடசாலையில் ஆர்.ஓ. மெஷின் பூட்டி, நாடா வெட்டிப் படமெடுத்து, பிறகு வடிகட்டி மாற்றக் காசில்லாமல் அந்த அறை பூட்டிக் கிடப்பதைக் கண்ட எங்கட சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அதே மாகாணத்தில் கிராசி நரோஸ் என்று இன்னோர் ஊர். 1962 முதல் 1970 வரை, ஆற்றின் மேற்பக்கம் ட்ரைடனில் இருந்த காகிதக்கூழ் ஆலை ஏறக்குறைய 9 தொன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. மீன்தான் அந்த ஊரின் சாப்பாடு, மீன்தான் தொழிலும். மீனில் பாதரசம் ஏறியது தெரிந்து 1970இல் மீன்பிடித் தொழிலை நிறுத்தினார்கள். கைகால் விறைப்பு, நடுக்கம், பார்வை சுருங்குதல் என்று ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களில் கண்ட வருத்தமே இங்கேயும். அதோடு முடியவில்லை. மீனை விட்டவர்கள் கடைச் சாப்பாட்டுக்குப் போனார்கள், தொழில் போன வீடுகளில் குடி புகுந்தது. நந்திக்கடலில் இறால் பிடித்துச் சீவிக்கிற குடும்பத்திடம் நாளை முதல் இறங்காதே என்றால் எத்தனை வருத்தம் வரும், அதில் எத்தனை ஆஸ்பத்திரிக் கொப்பியில் பதியப்படும்?

மகளுக்கும் ஒன்று சொல்லுங்கள். கிளினிக்குக்கு வர மறுக்கிற கிழவிகளை "விளக்கமில்லாத சனம்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டாம். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடைத்து வைத்த விடுதிப் பள்ளிகள் அந்த நாட்டில் 1990கள் வரை இருந்தன. 1948 முதல் 1952 வரை அப்படியான ஆறு பள்ளிகளில், பசியோடிருந்த பிள்ளைகளை வைத்துச் சத்துணவு ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கூட்டிக் கொடாமல் விட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். மருத்துவச் சட்டையைக் கண்டு கதவைச் சாத்துகிற கிழவி அப்படியொரு பள்ளியில் இருந்தவளாக இருக்கலாம். முதல் நாள் பிரஷர் பார்க்கிற கருவியைப் பையை விட்டு எடுக்காமல், தேத்தண்ணி குடித்து, கதைத்துவிட்டு வரட்டும்.

கேள்வி: எங்கட நாட்டில் வேடர் இப்பவும் இருக்கினமா, இல்லைப் புத்தகத்தில் மட்டும்தானா?
– மாணவி, நெடுங்கேணி

பதில்: இருக்கிறார்கள் பிள்ளை. தம்பானையில் இருப்பவர்களைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பாய். வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கம் தமிழ் பேசுகிற வேடர் இருக்கிறார்கள், அவர்களைக் கமெரா கண்டது குறைவு. பதிவுகளில் பலர் தமிழர் என்றே இருப்பதால், அவர்களின் வருத்தங்களும் தனியாகக் கணக்கில் வருவதில்லை. போரும் 2004 சுனாமியும் அந்தக் கரையோரத்தைத்தான் அடித்தன.

தம்பானைப் பக்கத்தில் 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். காட்டுக்குள் இருந்த குடும்பங்களை ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். முதல் நாள்வரை வேட்டைக்காரனாய் இருந்தவன் மறுநாள் கள்ள வேட்டைக்காரன். தேனும் கிழங்கும் மான் இறைச்சியும் போக, சோறும் சீனித் தேத்தண்ணியும் வந்தன. மேலே சேருக்கு எழுதிய பதிலையும் வாசி.

கேள்வி: 77 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களது. நான் இங்கே பிறந்தவள். கிளினிக்கில் மகனின் நிறை எப்பவும் செம்மஞ்சள் கோட்டுக்குள்தான். "என்னத்தைக் குடுக்கிறாய் பிள்ளைக்கு?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கிறார்கள். நான் கவனமில்லாத தாயா, மிஸியம்மா?
– பெயர் வேண்டாம், கல்மடு

பதில்: இல்லை மகள். நீங்கள் பழங்குடிகள் அல்ல. ஆனால் மண்ணில் உரித்தில்லாத சனத்துக்கு வருத்தம் வருகிற வழி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்பதால், உன் கேள்வியை இந்த மாதக் கேள்விகளோடு சேர்த்தேன்.

உன்னுடையதைப் போல ஒரு குடியிருப்பு என் பிரிவிலும் இருந்தது. வாய்க்கால் முடிகிற இடத்தில் கொட்டில்கள், கூரையில் பாதி ஓலை, பாதி தறப்பாள். தாய் விடிய முந்திக் கச்சான் பிடுங்கப் போய்விடுவாள். பின்னேரம் நான் சைக்கிளை நிறுத்துகிற நேரம், எட்டு வயது அக்கா இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நிற்பாள். பாண் துண்டைப் பிளேன்ரீயில் தோய்த்து ஊட்டியிருப்பாள், அவளும் அதைத்தான் தின்றிருப்பாள். கிணறு ஒன்று, கட்டில்லாதது. மழைக்கு மேல்வெள்ளம் நேரே உள்ளே இறங்கும். மலசலகூடத்துக்குக் குழி மட்டும் வெட்டிக் கிடந்தது, அதற்குள் ஆடு விழாமல் தடி போட்டிருந்தார்கள். இளையவனுக்கு வயிற்றோட்டம் நின்று ஒரு கிழமை போகாது, திரும்பத் தொடங்கிவிடும். தின்றது உடம்பில் சேர இடமே இல்லை. கிளினிக்கில் கொடுக்கிற சத்துமா, திரிபோஷா, அவன் பெயருக்குக் கிடைத்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனுக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாயால் முடியும்?

வீட்டுத்திட்டம் வந்தபோது அந்த வரிசைக்கு ஒரு வீடும் வரவில்லை. காணிக்குப் பேமிற் (அனுமதிப்பத்திரம்) இல்லை. பேமிற் இல்லாததால் வீடு இல்லை, வீட்டோடு வருகிற மலசலகூடமும் இல்லை. கூலிக்குப் போகிற காணியின் சொந்தக்காரருக்கு எல்லாம் கிடைத்தது. எங்கட ஆட்களுக்குள்ளேயே நடந்தது இது, எழுதக் கை கூசுகிறது.

சரி, நீ செய்யக்கூடியது. வளர்ச்சிப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வயிற்றோட்டம் வந்த நாட்களை அதற்குள் ஒரு துண்டில் எழுதி வை. ஏச்சு வந்தால் துண்டைக் காட்டு. பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்று கேள். கிணற்றுக்குக் குளோரின் போடவும் மலசலகூட உதவிக்கு எழுதவும் பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) ஐந்தாறு தாய்மாராகச் சேர்ந்து போங்கள், தனியே போனால் "நாளைக்கு வா" என்றுதான் வரும். காணிக்கு, நடமாடும் சேவை வருகிற நாளில் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியைக் கேட்டு வாங்கு. பிள்ளையின் நிறைக்கும் அந்தக் கடிதத்துக்கும் தொடர்பு உண்டு. கிளினிக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: பின்தங்கிய சனத்துக்கு நல்ல ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் பிரச்சினை முடிந்ததுதானே?
– இளைஞர், மாங்குளம்

பதில்: ஆஸ்பத்திரி வேண்டும் தம்பி, அதிலே எனக்கு வாதமில்லை. அவுஸ்திரேலியாவில் திறமான ஆஸ்பத்திரிகள் இருந்தும், பாலைவனப் பழங்குடி ஊர்களில் கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா பணக்கார நாடு வேறெதிலும் இல்லாத அளவுக்கு நின்று பிடித்தது. தொண்டை நோவில் தொடங்கி இருதய வால்வைக் கெடுக்கிற வாதக்காய்ச்சலும் அப்படியே. இரண்டுக்கும் பின்னால் ஒரே வீட்டில் நிறையப் பேர், முகம் கழுவ ஓடாத பைப்.

1987இல் தென் அவுஸ்திரேலியாவில், பழங்குடி மக்களே நடத்திய சுகாதாரச் சபையொன்று, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு வீட்டில் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டது. அதிலிருந்து வளர்ந்த திட்டத்தில், வீடு பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே குறட்டோடு போய்த் திருத்தத் தொடங்குவார்கள். "அவர்கள் வீட்டை உடைக்கிற சனம்" என்று நகரத்தில் பேச்சு. கணக்குப் பார்த்தால் ஆட்கள் உடைத்தது பத்தில் ஒன்றும் இல்லை. மிச்சமெல்லாம் பராமரிப்பு இல்லாததும் கட்டினவர் பிழையாகக் கட்டியதும். நியூ சவுத் வேல்ஸில் இப்படித் திருத்திய வீடுகளில் இருந்தவர்கள் தொற்று வருத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, திருத்தாத ஊர்களைவிட 40 வீதம் குறைவு.

ஆஸ்பத்திரி கட்டினாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். நீலகிரியில், கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி ஆஸ்பத்திரியில் பணியர், குறும்பர் பெண்களையே தாதிகளாகப் பயிற்றினார்கள். வாசலில் தன் பாஷையில் "வா" என்று ஓராள் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கட மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. மலேரியா வன்னியை எத்தனை வருடம் ஆட்டிப் படைத்தது! 2012 முடிவிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூர்த் தொற்று இல்லாதிருக்க, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பெரிய கட்டடத்தால் வந்த வெற்றியில்லை அது. போர்க்காலத்திலும் கொட்டில் கொட்டிலாகப் போய் மருந்தடித்து, விரலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போன ஆட்களால் வந்தது.

கேள்வி: வேடர் பரம்பரையாகத் தேன் குடித்தும் நல்லாத்தானே இருந்தவை? எனக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் காட்டுத்தேன் விட்டுக் குடிக்கலாமா?
– ஐயா ஒருவர், புளியங்குளம்

பதில்: ஐயா, அவர்கள் காடெல்லாம் நடந்து, மரமேறி, குளவிக்கும் கரடிக்கும் தப்பி, தேன் கிடைக்கிற மாதத்தில் மட்டும் குடித்தவர்கள். நீங்கள் ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் போத்தலில் வாங்குகிறீர்கள். தேனும் இரத்தத்தில் சீனியாகத்தான் ஏறும். அந்தப் போத்தலில் பாதி சீனிப்பாகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணியை வெறுமனே குடியுங்கள், குளிசையை நிறுத்த வேண்டாம். கிளினிக் நாளில் பாதங்களையும் காட்டிவிட்டு வாருங்கள், சீனி வருத்தத்தால் கால் விறைத்து, வயலில் முள் குத்தினாலும் உங்களுக்கு இப்போது தெரியாமல் போகலாம்.