சோடியம் சும்மா கொடுப்பதில்லை: வேதிப்பிணைப்பு கேள்வி பதில்

வேதிப்பிணைப்பு பாடத்தில் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள். வருடா வருடம் முகங்கள் மாறினாலும் இந்தக் கேள்விகள் மாறுவதில்லை.

கேள்வி: சார், சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இதுதானே அயனிப் பிணைப்பு? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

இல்லைம்மா. கொடுக்கல் வாங்கல் முடிந்த பிறகு எதிரெதிர் மின்சுமை கொண்ட இரண்டு அயனிகள் நிற்கின்றனவே, அவற்றுக்கு இடையிலான ஈர்ப்புதான் பிணைப்பு.

இன்னொன்று. சோடியம் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரானுக்கு ஆசைப்பட்டு மனமுவந்து தானம் செய்வதாக நாங்களே வகுப்பில் கதை சொல்லிவிடுகிறோம். கணக்கு வேறு மாதிரி. வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அதை வாங்கும்போது கிடைப்பது 349 மட்டுமே. அதாவது கொடுக்கல் வாங்கல் மட்டும் பார்த்தால் 147 நஷ்டம்! அப்புறம் எப்படி உப்பு உருவாகிறது? அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. திட சோடியத்தை ஆவியாக்குவதற்கும் குளோரின் மூலக்கூறை உடைப்பதற்கும் ஆகும் செலவைக் கழித்தாலும் 411 மிச்சம். கடனை அடைப்பது எட்டு எலக்ட்ரான் ஆசை அல்ல, அந்த ஈர்ப்பு.

கேள்வி: 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று எழுதியதற்கு என் பையனுக்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியாயமா? (ஒரு தாய்)

நியாயம்தான். உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இதில் யார் யாருக்கு ஜோடி என்று சொல்ல முடியாது. நாம் எழுதும் வாய்பாடு, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மட்டுமே.

வீட்டில் கல் உப்பு இருந்தால் தம்பியிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். தட்டையான முகங்களும் செங்கோண மூலைகளும் தெரியும். ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காது, முகங்களுக்கு இணையாகப் படீரென்று பிளக்கும். தட்டியதில் ஒரு அடுக்கு நகர்ந்து, நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்துவிடுகிறது. ஈர்ப்பு விலக்கமாக மாறினால் பிளக்காமல் என்ன செய்யும்?

கேள்வி: மெழுகு சட்டென்று உருகுகிறது, உப்போ 801 டிகிரி செல்சியஸில்தான் உருகுகிறது. அப்படியானால் சகப்பிணைப்பு பலவீனமானதா?

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். சகப்பிணைப்பு என்பது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு; மெழுகு மூலக்கூறுக்குள் இருப்பது அதுதான். மெழுகு உருகும்போது ஒரு சகப்பிணைப்புகூட உடைவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு நகர்கின்றன, அவ்வளவுதான். இட்லிப் பானையிலிருந்து வரும் ஆவியும் நீர்தானே? ஒரு மோல் நீரை ஆவியாக்க சுமார் 41 கிலோஜூல் போதும். அந்த நீர் மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகளை உடைப்பதென்றால் 900-க்கு மேல் வேண்டும். வைரம் முழுக்க முழுக்கச் சகப்பிணைப்பு. அதைப் பலவீனம் என்று யாராவது சொல்வார்களா?

கேள்வி: வணக்கம் சேர், எங்கட புத்தகத்தில 'பங்கீட்டு வலுப்பிணைப்பு', 'இலத்திரன்' என்றிருக்கு. நீங்கள் சொல்வது வேறையா? (இலங்கை மாணவர்)

இரண்டும் ஒன்றுதான் தம்பி. நாங்கள் சகப்பிணைப்பு, எலக்ட்ரான் என்பவைதான் அவை. பரீட்சையில் உங்கள் புத்தகச் சொல்லையே எழுதுங்கள்.

கேள்வி: உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி, இரண்டும் அலோகம் என்றால் சகப்பிணைப்பு. இது போதுமா?

பெரும்பாலான வினாக்களுக்குப் போதும். ஆனால் அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகி (உருகாமல் நேராக ஆவியாகி), இரட்டை மூலக்கூறாக ஆவியில் திரிகிறது. உலோகம் இருந்தும் சகப்பிணைப்பின் குணம். அதற்கு நேரெதிர் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவுவாரே, அந்த வெள்ளைப் பொடி. அதில் உலோகமே கிடையாது, ஆனாலும் அயனிச் சேர்மம். அம்மோனியம் அயனிக்குள்ளே சகப்பிணைப்பு, அதில் ஒன்று உருவானது ஈதல் முறையில், அதாவது இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு கொடுத்து. தேர்வில் கேட்க ஏற்ற சேர்மம், குறித்துவையுங்கள்.

கேள்வி: அயனிச் சேர்மத்துக்கும் சகப்பிணைப்புச் சேர்மத்துக்கும் வீட்டிலேயே வித்தியாசம் பார்க்க வழி உண்டா, சார்?

9 வோல்ட் பேட்டரி, எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர், இரண்டு பென்சில் முனைகள். இவற்றைத் தொடராக இணையுங்கள். உலர்ந்த உப்பில் வைத்தால் எரியாது, ஏனென்றால் அயனிகள் இருந்த இடத்தை விட்டு அசைய முடியாது. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தால் எரியும். சர்க்கரைக் கரைசலில் எரியாது. உப்புக் கரைசலில் சில விநாடிகள் போதும்; குளோரின் நெடி வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் குளோரைடு சகப்பிணைப்புச் சேர்மம். அதன் நீர்க்கரைசல் மட்டும் ஏன் மின்சாரம் கடத்துகிறது?

நல்ல கேள்வி. கரையும்போது அது தன் ஹைட்ரஜன் அயனியை நீரிடம் கொடுத்துவிடுகிறது, அயனிகள் அங்கேதான் பிறக்கின்றன. அதே வாயுவை டொலுவீனில் கரைத்தால் கரைசல் மின்சாரம் கடத்தாது. வாங்கிக்கொள்ள அங்கே நீர் இல்லை.