நூறு வருடப் படம் வீட்டில் இருந்தால் குற்றமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் மாமனார் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உயர் நீதிமன்றக் கோபுரமும் டிராமும் தெரிகிற பாரிமுனைப் பட அஞ்சலட்டை ஒன்று, ஆறு கண்ணாடி நெகட்டிவ் தகடுகள், அட்டையில் ஒட்டிய சில குடும்பப் படங்கள் அதில் இருக்கின்றன. அஞ்சலட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலையும் 1913 முத்திரையும் உள்ளன. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு தரகர், "இது 1880-ல் எடுத்தது, நூறு வருடம் தாண்டியதை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகிவிடும்" என்கிறார். ஸ்கேன் செய்து தருவதாகச் சொல்லிப் பெட்டியைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கேஸ் எதுவும் ஆகாது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம், பாட்டன் வீட்டுப் படத்தைப் பேத்தி வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வதையும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும்தான் அது தடுக்கிறது. உங்களிடம் வாங்கி வேறொருவருக்குக் கைமாற்றப் போகிறவர்தான் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அவர் பயத்தை உங்கள் தலையில் கட்டுகிறார்.

அடுத்து, வருடம். உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது 1892-ல். சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியது 1895-ல். இரண்டும் ஒரே படத்தில் இருக்கும்போது 1880 எங்கிருந்து வந்தது? இன்னொன்றும் பாருங்கள். தொடக்கத்தில் டிராமுக்கு மின்சாரம் தரைக்கடியில் போன கம்பியிலிருந்து வந்தது. தலைக்கு மேல் கம்பி இழுத்தது அதற்குப் பிறகுதான். படத்தில் மேலே கம்பி தெரிந்தால் வருடம் 1895-ஐ விட இன்னும் கொஞ்சம் பிந்தியதாக இருக்கும். முத்திரை 1913 என்பதால் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. ஆனால் முத்திரை அட்டை அனுப்பிய தேதிதான், படம் எடுத்த தேதியல்ல. ஒரே நெகட்டிவை வைத்துக்கொண்டு பதிப்பாளர்கள் வருடக்கணக்கில் அட்டை அடித்து விற்றார்கள். ஆகவே "1895-க்கும் 1913-க்கும் இடையில்" என்று எழுதி வையுங்கள். நேர்மையாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான்.

கண்ணாடி நெகட்டிவ்களையும் இப்படியே இருபுறமும் நெருக்கிப் பார்க்கலாம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடம் இருந்தால் 1940-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. கடற்கரை ரயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்கான கம்பங்கள் இருந்தால் 1931-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. டிராம் ஓடினால் 1953-க்கு முன். ராயபுரம் கரையில் அகலமான மணல் தெரிகிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. போன கரைக்கு அந்தத் தகடு ஒரு சாட்சி. அதைத் தனியாகப் பிரித்து விற்றுவிடாதீர்கள்.

உங்கள் அட்டை அசல் புகைப்படமா, அச்சா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியாக வானப் பகுதியைப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது மை அச்சு. பழைய புத்தகத்தில் பக்கத்தைக் கிழித்து, பிரேம் போட்டு "ஒரிஜினல்" என்று விற்பவர்கள் மாட்டுவது இந்தச் சோதனையில்தான். ஆனால் புள்ளி இல்லாததாலேயே புகைப்படம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்காலத்து அஞ்சலட்டைகளில் நிறைய கொலோடைப் என்ற முறையில் அச்சானவை. அதில் புள்ளி இருக்காது. லென்ஸில் சுருங்கிய தோல் மாதிரி ஒழுங்கில்லாத நெளிவுகள் தெரியும். அதுவும் மை அச்சுதான். உண்மையான புகைப்படத்தில் புள்ளியும் இருக்காது, நெளிவும் இருக்காது. நிறம் விட்டுப்போகாமல் மெதுவாக மாறும். இருண்ட ஓரங்களைச் சாய்த்துப் பார்த்தால் பல சமயம் வெள்ளிப் பளபளப்பு தெரியும். அது வெள்ளி மேலெழுந்ததால் வருவது, அழுக்கு இல்லை, துடைக்காதீர்கள். கொலோடைப் அட்டையைப் புகைப்பட விலைக்கு விற்பவர் இருக்கிறார். உங்களிடம் நிஜப் புகைப்படத்தை வெறும் அட்டை விலைக்குக் கேட்பவரும் இருக்கிறார். இரண்டும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

"ஸ்கேன் செய்து இரண்டு நாளில் தருகிறேன்" என்ற பேச்சில் போன தகடுகள் ஏராளம். திரும்பி வருவது ஒரு பென் டிரைவும் "ஒன்று உடைந்துவிட்டது அம்மா" என்ற வார்த்தையும். ஸ்கேனர் உங்கள் வீட்டுக்கு வரட்டும், அல்லது நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். 3½ × 5½ அங்குல அட்டைக்கு 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி, கேளுங்கள். 4200 × 6600 புள்ளிகள் கிடைக்கும், கடைப் பலகை எழுத்துகளைக்கூடப் படிக்கலாம். ஜேபெக் மட்டும் போதாது, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பும் வேண்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

தகடுகளை நீங்களே போனில் எடுக்கலாம். மடிக்கணினித் திரையை வெறும் வெள்ளையாக்கி முழு வெளிச்சத்தில் படுக்க வையுங்கள். நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்து, திரைக்கு மேலே இரண்டு அங்குல இடைவெளியில் தகட்டை வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். பளபளப்பான பக்கம் வெறும் கண்ணாடி. மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. மங்கலான பக்கம் மேலே இருக்கட்டும், அதில் விரல் படக்கூடாது. எடுத்தபின் போனிலேயே நிறத்தைத் தலைகீழாக்கி, இடம் வலமும் மாற்றுங்கள். மாற்ற மறந்தால் உயர் நீதிமன்றம் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். அப்படித் தலைமாறிய படங்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் படத்தைச் சிதைக்காமல் பிரிக்க வழியில்லை. நம் ஊர் ஈரத்தில் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். தகடுகளை ஒவ்வொன்றாக அமிலமற்ற தாளில் சுற்றி, நீள விளிம்பில் நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடித்தகடு விரிசல் விடும். பரண் வேண்டாம், உள்ளறை அலமாரி போதும்.

அரசிடமோ அறக்கட்டளையிடமோ கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் தகட்டுக்கு ஓர் எண், அளவு, படத்தில் என்ன இருக்கிறது என்ற ஒரு வரி, இவையெல்லாம் எழுதிய ரசீதைத் தர முடியாத இடத்தில் கொடுக்காதீர்கள். "பெட்டி ஒன்று பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்துப் போட்டு மூலையில் தள்ளிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து, கொடுத்த குடும்பமே ஒரு பிரதி கேட்டுப் போனால் விண்ணப்பம், கட்டணம், மேலதிகாரி விடுப்பு என்று அலைய விடுகிறார்கள். பொதுச் சொத்தைக் காக்க வேண்டியவர்களே இப்படி இருப்பதால்தான் தரகர்கள் கொழுக்கிறார்கள்.

கடைசியில் விற்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் எல்லாவற்றையும் டிஃப் கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். குடும்பப் படங்களைத் தனியே பிரித்துவிடுங்கள். மொத்தப் பெட்டிக்கு ஒரே விலை பேசாமல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள். குறைந்தது இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். பணம் வங்கி வழியாக வரட்டும். "பதிப்புரிமை உட்பட எல்லா உரிமையும்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.