அப்பாவின் துப்பாக்கியும் அறுத்த குழலும்

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் பாலிக் புலாவில் எங்களுக்கு டுரியான் தோட்டம். காட்டுப்பன்றிக்காக அப்பா உரிமத்தோடு ஒரு செனாபாங் (வேட்டைத் துப்பாக்கி) வைத்திருந்தார். எட்டு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். துப்பாக்கி இப்போது என் வீட்டு அலமாரிக்குப் பின்னால், கைலியில் சுற்றி இருக்கிறது. தோட்டாக்கள் மைலோ டின்னில். இரண்டு முறை திருடன் புகுந்துவிட்டான். போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரம். தம்பியோ துப்பாக்கியில் தனக்கும் பங்கு என்கிறான். பட்டறை நண்பர் துப்பாக்கிக் குழலை அறுத்துக் குட்டையாக்கித் தருவதாகச் சொல்கிறார். தற்காப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: திருடன், தாமதம், தம்பி எல்லாம் இருக்கட்டும். அப்பா போன அன்றே அந்த உரிமமும் போய்விட்டது. மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. உரிமமில்லாத துப்பாக்கிக்கு 1971 கூடுதல் தண்டனைச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி.

தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். இரவில் வீட்டை உடைத்து வருபவனைத் தடுக்கும் உரிமையும் அதில் அடக்கம். ஆனால் தேவைக்கு மேல் அடித்தால் 99ஆம் பிரிவு குறுக்கே வரும். நீங்கள் சுட்டது நியாயமென்றே நீதிமன்றம் ஏற்றாலும், துப்பாக்கி வைத்திருந்த குற்றம் தனியாக நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அறுப்பது அதைவிட மோசம். முழுத் துப்பாக்கி என்றால், ‘அப்பாவுடையது, ஒப்படைக்கத் தெரியவில்லை’ என்று உங்களுக்காக நான் வாதாடலாம். குழலில் ரம்பத் தடம் இருந்தால் அந்த வாதத்தை எந்த நீதிபதியிடமும் எடுத்துப் போக முடியாது. கொள்ளைக்காரன் கோட்டுக்குள் மறைக்கத்தான் குழலை அறுப்பான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இதைப் பற்றி அமெரிக்க வீடியோக்கள் பார்த்திருந்தால் நம்பாதீர்கள். அங்கேயே 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுக்கு 1934 சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். குழலை அறுத்தால் குறி பார்க்காமலே படும் என்று சிலர் சொல்வதும் தவறு. வீட்டு நடைபாதைத் தூரத்தில் குண்டுகள் அவ்வளவாக விரியாது. சுடும்போது பின்னுதை கூடும், நெருப்பு கண்ணைக் கூசவைக்கும், குண்டு பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறையில் தூங்கும் பிள்ளையைத் தொடும்.

இன்னொன்று, தயவுசெய்து காரில் எடுத்துப் போகாதீர்கள். ஒப்படைக்கத்தான் போனேன் என்று சொல்லி சாலைத் தடுப்பில் மாட்டிய ஒருவருக்காக நான் ஜாமீனுக்கு அலைந்திருக்கிறேன். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்புறம் அவர் முன்னிலையில் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழும் அப்பாவின் உரிமமும் கையில் இருக்கட்டும்.

தம்பியோடு இதற்காகச் சண்டை வேண்டாம், விட்டுவிடுங்கள். அவர் பெயரிலும் உரிமம் இல்லை. வேண்டுமானால் சொந்தமாக விண்ணப்பிக்கட்டும்; கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவர் கையில்.

போலீஸ் வரும்போது அந்த மைலோ டின்னையும் மறக்காமல் காட்டுங்கள். தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும்.