யூ-பூட் அமைப்புகளைச் சேமிக்கும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது?

உங்கள் போர்டில் யூ-பூட் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் துவக்க நிரல்) தன் அமைப்புகளைச் சேமிக்கும் நொடியில் மின்சாரம் நின்றால், அடுத்த முறை எல்லாம் இயல்புநிலைக்குத் திரும்பிவிடுகிறது என்கிறீர்கள். அது அமைப்புகள் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பு. அதில் பிட்டை 1-இலிருந்து 0 ஆக்கலாம். மறுபடி 1 ஆக்க, ஒரே தடவையில் அழியும் பகுதியான பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையே மின்சாரம் போனால், தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் சிஆர்சி32 எண் பொருந்தாது. யூ-பூட் தன்னுள் தொகுக்கப்பட்ட இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும்.

அமைப்புகளை இரண்டு பிரதிகளாக வைக்கும் இரட்டைப் பிரதி வசதியை இயக்குங்கள். புதிய மதிப்புகள் எப்போதும் பழைய பிரதியின் மேல்தான் எழுதப்படும். நடப்புப் பிரதி அதுவரை தொடப்படுவதில்லை. எது புதியது என்பதை ஒவ்வொரு பிரதியிலும் உள்ள ஒரு பைட் கொடி (அடையாளக் குறி) சொல்கிறது. ஃபிளாஷில் நார், நாண்ட் என வகைகள் உண்டு. நார் ஃபிளாஷில் புதியதன் கொடி 1. எழுதி முடித்த பிறகே மற்றதன் கொடி 0 ஆகும். அழிக்காமலேயே செய்யக்கூடிய மாற்றம் அது, அழகான தந்திரம்! நாண்டில் கொடி ஏறுமுக எண்ணாக இருக்கும்.

இரண்டு பிரதிகளும் தனித்தனி அழிப்பு பிளாக்கில் இருக்க வேண்டும். ஒரே பிளாக்கில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே அழியும். நாண்டில் கெட்ட பிளாக்குகளுக்காகக் கூடுதல் இடமும் ஒதுக்குங்கள்.

லினக்ஸிலிருந்து இவற்றை மாற்றும் கருவியின் அமைப்புக் கோப்பில் இரு முகவரிகளையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் கொடி பைட்டையும் தரவாக எண்ணி, நல்ல பிரதியையே கெட்டது என்று அது சொல்லும்.