ஆறு வேகனுக்கும் ஒரே எண்ணா? – நுகர்வோர் கேள்வி பதில்

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதிலிருந்து, மாதிரி ரயில் செய்பவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலானவை தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டும் ஹாப்பர் வேகன்களைப் பற்றியவை. சேர்த்து வைத்து இந்த முறை பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பழைய பாம்பன் பாலத்தை 1970-களில் இருந்தபடி செய்துகொண்டிருக்கிறேன். ‘1970 ராமேஸ்வரம் ஜல்லி ஹாப்பர்’ என்று ஒருவர் இரண்டு வேகன்கள் விற்கிறார். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் என்கிறார். வாங்கலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

வாங்காதீர்கள். மானாமதுரை–ராமேஸ்வரம் பாதை 2007-ல்தான் அகலப்பாதையானது. அதற்கு முன் நம் தீவுக்கு வந்ததெல்லாம் மீட்டர்கேஜ் வண்டி. ஒரு மீட்டர் அகலத்தை 1:87 அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் போடுவார்கள். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் என்றால் அவர் கையில் இருப்பது அகலப்பாதை ஹாப்பர். அதன்மேல் ஓர் ஆண்டையும் நம் ஊர்ப் பெயரையும் ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அகலப்பாதை வேகன்தான் வேண்டும் என்றால் உங்கள் காட்சியின் காலத்தை மாற்றுங்கள். 1914-ல் திறந்த பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. 2007-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால் பழைய தூக்குப் பாலமும் இருக்கும், அகலப்பாதையும் இருக்கும்.

இணையத்தில் படம் பார்த்து நான்கு ஹாப்பர்கள் வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால் என் எஞ்சினில் பாதி உயரம்கூட இல்லை. 1:160 என்று எழுதியிருந்ததாம், நான் கவனிக்கவில்லை. விற்றவர்மீது புகார் எழுதித் தர முடியுமா? – பாம்பன் வாசகர்

முடியாது. உங்கள் எஞ்சின் 1:87. வேகனின் அளவை அவர் மறைக்கவில்லை, நீங்கள் படிக்கவில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். ‘தெற்கு ரயில்வே ஜல்லி ஹாப்பர், நிறம், எழுத்து எல்லாம் அசல்படி’ என்ற விளம்பரத்தை நம்பி ஆறு வேகன்களுக்கு 21,000 ரூபாய் கொடுத்தேன். பணம் கட்டும் முன் அளவு, நிறம், எண் எல்லாம் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கினேன். வந்த ஆறிலும் ஒரே எண்! கைத்தடைச் சக்கரம் (ஹேண்ட் பிரேக் சக்கரம்) வேகனின் முகப்பில் உச்சியில் இருக்கிறது. பில் கேட்டால், “கைவேலைக்குப் பில் கிடையாது, திரும்ப எடுப்பதும் கிடையாது” என்கிறார். – உச்சிப்புளி வாசகர்

ஐயா, வாங்குபவர் செய்ய வேண்டிய அத்தனையையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். ஏமாற்றியது அவர்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது அமெரிக்க நிலக்கரி ஹாப்பர். பழுப்புச் சாயம் பூசி நம் ஊர் எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். முகப்பின் உச்சியில் தடைச் சக்கரம் வைப்பது அமெரிக்க வழக்கம். நம் ஜல்லி ஹாப்பருக்கு பி.ஓ.பி.ஒய்.என். என்று பெயர். ஜல்லி தண்டவாளங்களுக்கு நடுவிலும் விழ வேண்டும், பக்கத்திலும் விழ வேண்டும். அதற்கேற்ற கதவுகள் அதற்கு உண்டு. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் பி.ஓ.பி.ஆர்.என். வேறு, அதன் கதவுகள் அடியில் இருக்கும், காற்றழுத்தத்தால் திறக்கும். இந்த இரண்டையுமே ஒன்றாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்தது இரண்டிலும் சேராது.

இனி எண்ணுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குப் பல நாள் ஆத்திரம். வேகன் எண்ணை அலங்காரம் என்று நினைத்து விற்கிறார்கள். அது அந்த ஒரு வேகனின் அடையாளம். இந்திய ரயில்வே வேகனில் 11 இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது; தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு. அதன்பின் நான்கு இலக்கங்கள் அந்த வேகனின் தனி எண். கடைசி இலக்கம் மற்ற பத்தும் சரிதானா என்று சோதிப்பதற்கு.

அந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். பத்து இலக்கங்களில் 2, 4, 6, 8, 10 ஆகிய இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். 1, 3, 5, 7, 9 ஆகிய இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி அதோடு சேருங்கள். வரும் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் பதினொன்றாவது இலக்கம். உங்கள் வேகனில் தொகை 48 வருகிறது. ஐம்பதுக்கு இரண்டு வேண்டும், ஆகவே கடைசி இலக்கம் 2 ஆக இருக்க வேண்டும். அங்கே 7 என்று இருக்கிறது. மூன்றாவது, நான்காவது இலக்கங்களும் 06 இல்லை. பக்கவாட்டில் மட்டும் தெற்கு ரயில்வே என்று எழுதியிருக்கிறது. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு ஆறு முறை அச்சடித்திருக்கிறார்கள். ஒரே தாளில் ஆறு வேறு எண்களை அச்சடித்தாலும் செலவு அதேதான். அந்தச் சிரமத்தைக்கூட எடுக்காதவருக்கு ‘அசல்படி’ என்று விளம்பரம் கொடுக்க எந்த உரிமையும் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான்; பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘திரும்ப எடுப்பதில்லை’ என்று அவர் சொல்வதால் இது மாறாது. விளம்பரம், அவருடைய எழுத்துப் பதில்கள், பணம் கட்டிய ரசீது, ஆறு வேகன்களின் எண்ணும் தெரியும் ஒரே படம் ஆகியவற்றைச் சேர்த்துப் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட உரிமை உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது. 21,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் எழுதி எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

லண்டனில் இருக்கும் அண்ணன் பிரிட்டன் கல் ஹாப்பர்கள் மூன்று கொண்டுவந்தார். பெட்டியில் பிஜிஏ, ஃபாஸ்டர் யோமன் என்று இருக்கிறது. நம் ரயில்வே நிறத்துக்கு மாற்றிவிடலாமா? – கீழக்கரை வாசகர்

தயவுசெய்து தொடாதீர்கள். பிஜிஏ என்றால் தனியாருக்குச் சொந்தமான, காற்றழுத்த பிரேக் உள்ள, இரண்டு அச்சு ஹாப்பர். நம் ஜல்லி ஹாப்பருக்கு இரண்டு போகிகள் (நான்கு சக்கரச் சட்டங்கள்), ஆக எட்டுச் சக்கரங்கள், முனைகளின் நடுவில் இணைப்புக் கொக்கி. சாயம் பூசி ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. பிரிட்டனில் இந்த வகை வேகன்கள் குவாரி நிறுவனங்களின் சொத்து. ஒவ்வொரு நிறுவனமும் தன் நிறத்தையும் பெயரையும் பூசிக்கொண்டது. ஃபாஸ்டர் யோமன் அப்படி ஒரு குவாரி நிறுவனம், 2006-ல் கைமாறியது. ஆகவே அந்தப் பெயரோடு புதுமெருகுடன் இருக்கும் வேகன் அதற்கு முந்திய காலத்தைக் காட்டும். அதை இழுக்க ஓர் எஞ்சின் வாங்குவதாக இருந்தால் 59-ஆம் வகுப்பைத் தேடுங்கள். 1986 முதல் இங்கிலாந்தின் மெண்டிப் மலைக் கல்லை அந்த நிறுவனத்துக்காக இழுத்தவை அவை.

ஒரே மழைக்காலத்தில் என் தண்டவாளமும் வேகன் சக்கரங்களும் துருப்பிடித்துவிட்டன. நிக்கல் சில்வர் என்று சொல்லித்தான் விற்றார்கள். கடல்காற்றுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். – தொண்டி வாசகர்

நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அதில் இரும்பு இல்லை. அது செந்துரு பிடிக்காது. கடல்காற்றில் மேலே கொஞ்சம் மங்கும், துடைத்தால் போய்விடும். உங்களுக்கு விற்றது பூச்சுப் பூசிய எஃகு.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. மதுரையில் ஒரு கடையில் முத்திரை உடையாத பெட்டியில் வாங்கிய தண்டவாளம், அட்டையில் கொட்டை எழுத்தில் நிக்கல் சில்வர் என்றிருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் இணைப்புத் தகடுகளின் அடியில் சிவப்புத் தூள் உதிர ஆரம்பித்தது. கடைக்காரர் என்னிடமும் கடல்காற்றைத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஒரு சிறு காந்தம் இல்லாமல் நான் ரயில் சாமான் வாங்கப் போவதில்லை. காந்தம் ஒட்டினால் அது எஃகு. உங்கள் தண்டவாளத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அதை ஒரு வீடியோ எடுத்துக் கடைக்காரருக்குப் பில்லோடு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

முப்பரிமாண அச்சில் செய்த பிஎல்ஏ பிளாஸ்டிக் ஹாப்பரைக் காரில் வைத்துவிட்டு மதியத் தொழுகைக்குப் போனேன். வந்து பார்த்தால் உடல் வளைந்திருந்தது. விற்றவரிடம் கேட்கலாமா? – ஏர்வாடி வாசகர்

கேட்க முடியாது. பிஎல்ஏ 60 டிகிரி அளவிலேயே இளகிவிடும். நம் வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும்.

காலி ஹாப்பர்கள் வளைவில் தடம் புரள்கின்றன. கடையில் ‘எடைத் தொகுப்பு’ என்று வேகனுக்கு 450 ரூபாய் கேட்கிறார்கள். – மண்டபம் வாசகர்

கொடுக்காதீர்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் கணக்கு 1:87 வேகனுக்கு இதுதான்: ஓர் அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகன் என்றால் நான்கு அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம். உங்கள் வேகனை நிறுத்துப் பார்த்து, குறைவதை மட்டும் சேருங்கள்.

அதற்குத் தூண்டில் ஈயக்குண்டு போதும். மண்டபத்தில் இருந்துகொண்டு ஈயத்துக்கு 450 ரூபாய் கொடுக்கலாமா? சுத்தியால் தட்டிச் சப்பையாக்கி, ஹாப்பரின் இரு முனைகளிலும் சரிந்த தகட்டுக்கு அடியில் ஒட்டினால் காலி வேகனிலும் வெளியே தெரியாது. இரு முனைகளிலும் எடை சமமாக இருக்கட்டும். எப்பாக்சி பசையில் ஒட்டுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை வேண்டாம். அதோடு சேர்ந்த ஈயம் நாளடைவில் வெண்மையாகப் பூத்து உப்பி, வேகனின் உடலையே பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

முன்பணம் 6,000 ரூபாய் அனுப்பிய மறுநாளே விற்பவரின் போன் எண் அணைந்துவிட்டது. அவருடைய பக்கத்தையும் காணோம். – தேவிபட்டினம் வாசகர்

இதைப் படிக்கும்வரை காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். இணையப் பண மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஹாப்பரில் நிரப்ப ‘பவளக்கல் ஜல்லி’ என்று ஒரு பாக்கெட் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறது. கடற்கரை மணலைவிட இது நல்லதுதானே? – ராமேஸ்வரம் வாசகர்

இரண்டும் வேண்டாம். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்துக் கரையொதுங்கிய துண்டாக இருந்தாலும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி அழித்த காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். இப்போது பொம்மை ரயிலுக்காக மறுபடியும் ஆரம்பிக்க வேண்டாம். விற்கும் இடத்தை வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கடற்கரை மணல் உருண்டையாக இருக்கும், உப்பும் இருக்கும். ஜல்லிக்கு முனைகள் கூர்மையாக இருக்க வேண்டும். ரயில்வே ஜல்லி பெரும்பாலும் 20 முதல் 65 மி.மீ. வரை இருக்கும், 1:87 அளவில் பெரிய கல்கூட முக்கால் மில்லிமீட்டர்தான். வீடு கட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி எம்-சாண்ட் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, முதலில் டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதைக் கழித்துவிடுங்கள். அடுத்து மாவுச் சல்லடையில் சலித்து, தூள் போக மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாப்பரின் வாய்க்கு அளவாக வெட்டிய அட்டையில் கல்லைப் பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காய்ந்த பிறகு அட்டையோடு தூக்கி வேகனுக்குள் வைக்கலாம். காலி வேகன் வேண்டும்போது எடுத்துவிடலாம், அடியில் உள்ள ஈயத்திலும் பசை படாது.

200 ரூபாய் மிச்சம்.