மரவள்ளியின் தலையை வெட்டலாமா?

அன்புள்ள ஐயா,

இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறேன். ஐந்து மாதப் பயிர், ஆளுயரத்துக்கு மேல் தழைத்து நிற்கிறது. முருங்கையைக் கவாத்து செய்தால் காய் கூடுகிற மாதிரி, இதையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் சத்து கிழங்குக்கு இறங்கும், தழை ஆட்டுக்கு ஆகும் என்கிறார் மாமா. செய்யலாமா?

செ., ராசிபுரம்

அன்புள்ள செ.,

வெட்டாதீர்கள். முருங்கை புதுக் கிளையில் பூக்கிற மரம்; வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். மாமா சொல்வது அதற்குச் சரி. மரவள்ளியில் நாம் எடுப்பது, இலை தயாரித்ததில் செலவு போக மிஞ்சி மண்ணுக்குள் சேர்ந்த மாவை. இலை போனால் வரவு நிற்கும். அதோடு விடாது, புதுத் தழை கட்டுவதற்குச் செடி கிழங்கிலிருந்தே மாவைத் திரும்ப எடுக்கும். வெட்டாமலேயே இதைப் பார்க்கலாம். கோடையில் இலை கொட்டிய மரவள்ளிக் காடு மழைக்குத் தளிர்க்கும் சமயத்தில் பிடுங்கினால் மாவு குறைந்திருக்கும். உங்கள் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் மாவுப் பாயிண்ட், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்துத்தானே விலை போடுகின்றன? எடை ஓரளவு தேறினாலும் பாயிண்டில் அடி விழும். அடுத்த நடவுக்கான குச்சியும் கெடும்.

மரவள்ளிக்குக் கவாத்து என்று ஒன்று உண்டென்றால் அது முளைத்த ஒன்றிரண்டு மாதத்தில் செய்வது. எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு தண்டை விட்டு மற்றதை ஒடித்துவிடுவார்கள். உங்கள் பயிர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

காங்கோவில் மரவள்ளி இலைதான் கீரை. இடித்து, நெடுநேரம் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். அடிக்கடி பறித்தால் அங்கேயும் கிழங்கு குறையத்தான் செய்யும். ஆனால் கிழங்கில் கிடைக்காத புரதம் இலையில் இருப்பதால், அந்த வீடுகளுக்கு அது நஷ்டக் கணக்கு இல்லை. நீங்கள் ஆலைக்குப் போடுகிறவர்.

சமையலுக்கு விற்பதாக இருந்தால் ஒரு விஷயம் உண்டு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு விட ஆரம்பிக்கும். அறுவடைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்டால் அது தள்ளிப்போகும். மாவு கொஞ்சம் குறையும், அதனால் ஆலைச் சரக்குக்கு இது ஆகாது.

அப்புறம், ஆடு. அறுவடையில் மிஞ்சும் தழையையும் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு உண்டு. கொழுந்தில் இன்னும் அதிகம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, வேறு தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.