நீலத் தொப்பி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐ.நா. அமைதிப்படையில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ராணுவத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பட்டாலியன் தெற்கு சூடானுக்குப் போகிறது. சீனியர்களைக் கேட்டால் ஒருவர் 'நல்ல காசு' என்கிறார், இன்னொருவர் 'பத்திரமாகத் திரும்பி வா' என்கிறார். அங்கே உண்மையில் என்னதான் இருக்கும்? (பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐ.நா. பணம் கொடுப்பது அரசாங்கத்துக்கு. அதில் சிப்பாய் கைக்கு எவ்வளவு வரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எழுத்தில் பார்க்கும்வரை அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சண்டைக்கு உங்களை நன்றாகவே தயார் செய்திருப்பார்கள். சும்மா நிற்பதற்கு யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள். நான் இருந்தது கிழக்கு காங்கோவில். மணல் மூட்டைக்குப் பின்னால் நின்று ஒரு மண்பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டியூட்டி முடிந்ததும் பதிவேட்டில் 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து. பின்னால் புரட்டினால் இருபது நாளும் அதே வரி, கையெழுத்து மட்டும்தான் வேறு. இருபத்தோராவது நாளும் இப்படித்தான் போகும் என்று கண் தானாக முடிவுகட்டிவிடும். எனக்கு பயமாக இருந்தது அதுதான்.

ஏனென்றால் பாதை நிறைவதற்கு ஒரு ராத்திரி போதும். 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது பல்லாயிரம் பேர் பாய், குழந்தைகளோடு ஐ.நா. முகாம்களுக்குள் ஓடி வந்தார்கள். சில நாளுக்கென்று வந்தவர்களில் பலர் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அப்படி ஒரு ராத்திரி கேட்டில் நிற்பது உங்களைப் போன்ற ஒரு பையன்தான். எப்போது சுடலாம், எப்போது கூடாது என்பதைச் சின்ன அட்டையில் அடித்துக் கொடுப்பார்கள். பர்ஸில் செருகி மறந்துவிடாமல் மனப்பாடம் செய்யுங்கள்.

உயிர் பயத்தைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்திருப்பீர்கள். 1948 முதல் அமைதிப்பணியில் 4,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தாக்குதலில் போனவர்களைவிட நோயிலும் விபத்திலும் போனவர்கள் அதிகம். கொசுவலை, சீட் பெல்ட், மலேரியா மாத்திரை. கடைசியது வாயைக் கசக்க வைக்கும், வயிற்றைப் புரட்டும், இரண்டாவது மாதத்தில் பாதிப் பேர் ரகசியமாக நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். ஊர் திரும்பிய பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை போட வேண்டும்.

அப்புறம், போன். ஓடும் தூரத்தைக் கணக்கெடுக்கும் ஆப் எதுவும் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற அப்படிப்பட்ட ஓர் ஆப் வெளியிட்ட வரைபடத்தில், சிப்பாய்கள் ஓடிய தடத்தை வைத்தே பல ராணுவ முகாம்களின் உருவம் வெளியே தெரிந்துவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கடிதக் காலத்தில் வீட்டுப் பிரச்சினை சிப்பாயிடம் வந்து சேர ஒரு மாதம் ஆகும், அதற்குள் அது தானே தீர்ந்திருக்கும். இப்போது சூடாக வருகிறது. என் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு மாலை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. பேசும்போதே சிக்னல் போய்விட்டது. விடியும்வரை சென்ட்ரி நின்றார். பாதையைப் பார்த்தாரா, செல்போன் கோபுரத்தைப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். மறுநாள் மத்தியானம் லைன் கிடைத்தபோது குழந்தை விளையாடப் போயிருந்தது. மனைவிக்கு முந்தைய நாள் காய்ச்சலைச் சொன்னதே ஞாபகம் இல்லை.

கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: சின்னக் காய்ச்சல், தண்ணீர் மோட்டார் ரிப்பேர், சொந்தக்காரர் சண்டை எல்லாம் சரியான பிறகு சொன்னால் போதும் என்று. ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் கேட்டு வையுங்கள்.